வெயில் படாத வழி

செப்டம்பர் 14, திங்கள்

காலையிலிருந்தே கொளுத்துகிறது. புரட்டாசி பிறக்கப் போகிறது, மழையைக் காணோம். கல்வராயன் மலை மேல் மட்டும் ஒரு துண்டு மேகம், அது இறங்கி வராது. சாக்பீஸ் தீர்ந்தது. மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு. நடுவில் நகம் கடித்தேன், பிள்ளைகள் பார்த்துச் சிரித்தார்கள்.

சனிக்கிழமை கள்ளக்குறிச்சி போய் வந்ததை எழுதிவிட வேண்டும், எழுதினால்தான் மண்டைக்குள் சுற்றுவது நிற்கும். மூன்றாம் வகுப்பு செல்வியையும் அவள் அம்மா அஞ்சலையையும் தோல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். செல்வி பிறவியிலேயே வெள்ளை. தலைமுடி சோளக்கதிர் நார் மாதிரி, புருவம்கூட வெளுப்பு. வெளிச்சத்தில் கண் கூசும், போர்டு தெரியாது, என் மேஜையை ஒட்டித்தான் உட்காருவாள். காது மடலில் ஒரு புண். ஆடியிலிருந்து ஆறவில்லை. பொருக்குத் தட்டும், உதிரும், மறுபடி வரும்.

டாக்டர் சொன்னது, நினைவில் இருக்கிறபடி. தோலுக்குக் கருமை தருகிற சத்து இவளுக்குப் பிறக்கும்போதே இல்லை. நம்முடைய கருப்பு நம்மை வெயிலிலிருந்து காப்பாற்றுகிறது, இந்தப் பிள்ளைக்கு அந்தக் காவல் கிடையாது. காதுப் புண் இன்னும் புற்றாகவில்லை. வெயில் பட்டுக்கொண்டே இருந்தால் ஆகலாம். களிம்பு கொடுத்தார். ஆறாவிட்டால் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரி. முழுக்கைச் சட்டை, தொப்பி, குடை. உச்சிவெயிலில் நடக்கவே கூடாது.

 அஞ்சலை அப்போதுதான் பேசினாள். அவள் தம்பிக்கும் இதே தோலாம். கழுத்தில் புண் வந்து, ஆறாமல், கல்யாணம் ஆகிற வயசில் போய்விட்டான். நிறம் இருந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று ஊரில் யாரோ சொல்ல, செல்வி பிறந்த நாளிலிருந்து உடம்பெல்லாம் கடலை எண்ணெய் தடவி வெயிலில் உட்கார வைத்திருக்கிறாள், கறுக்கட்டும் என்று. டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"அப்ப நானேதான் எம்புள்ளைய சுட்டுக்கினு இருந்தனாங்க?"

  பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அஞ்சலை செல்வியின் தலையை முந்தானைக்குள் இழுத்து வைத்துக்கொண்டு வந்தாள். 

செய்ய வேண்டியவை: எச்.எம்.மிடம் சொல்லிப் பிரார்த்தனையை வேப்பமரத்தடிக்கு மாற்றுவது. விளையாட்டு பீரியடைச் சாயங்காலத்துக்குத் தள்ளுவது. செ.க்கு முழுக்கைச் சட்டை. எல்லாப் பிள்ளைகளுக்கும் வெயில் பாடம், செ. பேரை எடுக்காமல். சாக்பீஸ்.

செப்டம்பர் 15, செவ்வாய்

எச்.எம். முதலில் மறுத்தார். பிரார்த்தனை என்றால் கொடிக்கம்பத்தடியில்தான் நடக்க வேண்டுமாம். டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் ஒப்பித்தேன். "சரிங்க டீச்சர், உங்க இஷ்டம்" என்றார். இந்த மனுஷர் ஒத்துக்கொள்வதற்கும் மறுப்பதற்கும் ஒரே முகம்தான்.

வெயில் பாடம் நடத்தினேன். புத்தகத்தில் இல்லாததால் நானே கட்டிய பாடம். பிள்ளைகளைக் காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை மைதானத்தில் நிறுத்தி, அவரவர் நிழலைச் செங்கல் துண்டால் கோடு போடச் சொன்னேன். மதியம் செ.யைச் செங்கல் எடுத்துக் கொடுக்க மரத்தடியில் வைத்துக்கொண்டேன். காலையில் நீளம், மதியம் காலடியில் சுருட்டிக்கொண்டு கிடந்தது. ஒரே ஒரு விதி: உன் நிழல் உன்னைவிடக் குட்டையாக இருந்தால் மரத்தடிக்கு ஓடு. நாள் முழுக்க இதே கூச்சல். ஒருத்தன் நுனிக்காலில் நின்று நிழலை நீட்டப் பார்த்தான். ஒருத்தி எச்.எம். நிழலை அளந்து அவரை உள்ளே போகச் சொன்னாள். அவரும் போனார், பாவம்.

என் வீட்டுக்காரர் கோவிந்தசாமியின் மகள் எழுந்து, நாங்கல்லாம் கருப்புதான டீச்சர், எங்களுக்கு இன்னா ஆவும் என்று கேட்டாள். நல்ல கேள்வி. உங்களுக்குக் கம்மி, தலைவலி, கண் எரிச்சல், மயக்கம், இதெல்லாம் எல்லாருக்கும் உண்டு, வெளுப்புத் தோலுக்குத்தான் பெரிய கெடுதல் என்றேன். எல்லாத் தலையும் செல்வி பக்கம் திரும்பியது. பேரை எடுக்காமல் நடத்தின லட்சணம் இதுதான். அவளோ முதுகை நிமிர்த்திக்கொண்டு, "எனக்குதான் ஜாஸ்தி" என்றாள், பரீட்சையில் முதல் வந்த மாதிரி.

செப்டம்பர் 16, புதன்

என் குடையை செ.க்குக் கொடுத்துவிட்டேன். கருப்புக் குடை, ஒரு கம்பி லேசாக வளைந்தது. இனி இது உனக்கு, காலையிலும் சாயங்காலமும் விரித்துப் பிடித்துக்கொண்டுதான் வர வேண்டும் என்றேன். வகுப்புக்குள்ளேயே மூன்று தடவை விரித்து மடக்கினாள். பள்ளிக்கூடம் ஊரின் இந்தக் கோடி, செ. இருக்கிற காலனி அந்தக் கோடி, நடுவில் நீளமான ஊர்த்தெரு. சாயங்காலம் வாசலில் நின்று பார்த்தேன். தெருவில் ஒரு குடையும் அதற்குக் கீழே இரண்டு குச்சிக்கால்களும் போய்க்கொண்டிருந்தன. ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு நிறைந்து நின்றேன்.

எச்.எம்.மும் பார்த்தார். எதுக்கு டீச்சர் என்று ஆரம்பித்து, ஒன்றுமில்லை என்று முடித்துவிட்டார். நானும் கேட்கவில்லை.

நாளையிலிருந்து சாலை மறியலாம். இட ஒதுக்கீடு கேட்டு எல்லா ரோடும் அடைப்பு. நான் குடியிருக்கிற வீட்டுக்காரர் கோவிந்தசாமி வாசலில் பத்துப் பேர், பேச்சு, பீடிப்புகை. அவர் மகன் நல்ல மார்க் வாங்கியும் காலேஜில் இடம் கிடைக்காமல் இரண்டு வருஷமாக வயலில் நிற்கிறான். கேட்பது நியாயம்தான், நானே அவரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்த வாரம் சின்னசேலம் போக முடியாது. அம்மா பார்த்துக்கொண்டிருப்பாள். இந்த அறைக்குள் எட்டு வைத்தால் சுவர் வந்துவிடுகிறது.

செப்டம்பர் 17, வியாழன்

பஸ் இல்லை. பேப்பர் இல்லை. விடியற்காலையிலிருந்து கோடாரிச் சத்தம். மெயின் ரோட்டுப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருக்கிறார்கள். அந்த ரோட்டில் இருந்த நிழல் அதுதான்.

சத்துணவு அரிசி வரவில்லை. கிடைக்கிறவரை பள்ளிக்கூடம் பன்னிரண்டு மணி வரைதான் என்றார் எச்.எம். அதாவது பிள்ளைகள் சரியாக உச்சிவெயிலில் வீட்டுக்கு நடக்க வேண்டும். ரெண்டு நாள் முன்னால்தான் நிழல் பாடம் நடத்தினேன்.

செ. குடையில்லாமல் வந்தாள். அதுவும் ஊர்த்தெரு வழியாக இல்லை, ஏரிக்கரை சுற்றி, மெயின் ரோடு ஏறி. இரண்டு மடங்கு தூரம். முகம் வேகவைத்த மாதிரிச் சிவப்பு. கேட்டால், வூட்ல வெச்சிட்டேன் என்றாள். வேறு ஒன்றும் அவள் வாயிலிருந்து வாங்க முடியவில்லை.

சாயங்காலம் அஞ்சலை வந்தாள். வாசல் பக்கம் வராமல் கொல்லைப்புறம் நின்று கூப்பிட்டாள். கையில் பழைய சேலைத்துணி சுற்றி ஒரு பொட்டலம். குடை. குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரித் தூக்கி வந்திருந்தாள்.

"கொட எங்களுக்கு வாணாங்க டீச்சர். நல்லபடியா இருக்குது, பாத்துக்குங்க."

ஏன் என்று கேட்டேன். யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன். அவள் கோவிந்தசாமி வீட்டுச் சுவரைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். களை எடுக்க அவர் வயலுக்குத்தான் போகிறாள். ஊர்த்தெருவில் பிடிக்க வேண்டாம், ஏரிக்கரையிலாவது பிடிக்கட்டுமே என்றேன். கரை மேல விரிச்சா ஊருக்கே தெரியுமே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

செப்டம்பர் 18, வெள்ளி

எச்.எம்.மைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். சொல்ல மனசில்லாமல் சொன்னார். காலனிக்காரர்கள் ஊர்த்தெருவில் குடை விரிப்பதில்லை, செருப்பும் போடுவதில்லை. மழை பெய்தால் கோணிச்சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போகலாம், குடை கூடாது. யாரும் எழுதி வைக்கவில்லை, எல்லாருக்கும் தெரியும். "உங்களுக்கும் தெரியும்னு நெனச்சேன்." நான் இங்கே வந்து மூன்று வருஷம். மழை நாளில் சாக்கு போட்டுக்கொண்டு வருகிற பிள்ளைகளைப் பார்த்து, குடை வாங்க வசதியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். கண் கூசுவது செல்விக்கு. கண் தெரியாதது எனக்கு.

மதியம் வீட்டுக்கு வந்தேன். கோவிந்தசாமி திண்டில் சாய்ந்து உள்ளங்கைக் கொப்புளத்துக்கு மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தார். கோடாரி பிடித்த கொப்புளம். நேராகவே கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். குழந்தைக்கு நோய் என்றால் யார் என்ன சொல்லப் போகிறார்கள், களிம்புக்குக் காசு வேண்டுமானால் தருகிறேன் என்றார். நடுத்தெருவில் குடை விரிப்பது மட்டும்தான்.

"இன்னிக்கி புள்ள புடிக்கும். நாளைக்கி அப்பன் புடிப்பான்."

புடிச்சா இன்னாங்க ஆவும் என்றேன். என்னை அறியாமல் அவர் பேச்சு என் வாயில் வந்துவிட்டது. அவர் கொப்புளத்துக்கு மறுபடி மஞ்சள் வைத்தார். பிறகு மெதுவாக, "நீங்களும் நம்மவங்கதான டீச்சர். தெரியாத மாதிரி கேக்கறீங்க" என்றார்.

படிப்பிலும் வேலையிலும் பங்கு கேட்டு ரோட்டில் மரம் போடுகிற மனுஷர். தன் மகனுக்கு நடந்த அநியாயம் அவருக்கு நன்றாகத் தெரிகிறது. ஒரு எட்டு வயசுப் பிள்ளையின் காதுக்கு மேல் ஒரு முழம் துணி விரிவது பொறுக்கவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அறைக்குள் நடந்தேன். துவைத்த துணியையே திரும்பத் துவைத்தேன்.

செப்டம்பர் 19, சனி

விடுமுறைதான். ஆனாலும் வர முடிகிறவர்கள் வாருங்கள், தொப்பி செய்யலாம் என்று சொல்லியிருந்தேன். கணக்கு இப்படி: செல்வி மட்டும் போட்டால்தானே கண்ணில் படும், எல்லாப் பிள்ளைகளும் போட்டால் அது பள்ளிக்கூடத்துப் பாடம். ஊர்ப் பிள்ளைகள், காலனிப் பிள்ளைகள் எல்லாரும் வந்தார்கள். பனையோலை வெட்டிவந்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, ஓலையைக் கிழித்து முடைந்தோம். எனக்குத்தான் கோணல். கோவிந்தசாமி மகள் செல்விக்குப் பெரிய தொப்பியாக, காது மூடுகிற மாதிரி முடைந்து கொடுத்தாள். ஒருத்தர் தலையில் ஒருத்தர் வைத்துப் பார்த்து ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன்.

பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் தொப்பியோடு கிளம்பினார்கள். பின்னாலேயே போனேன். ஊர்த்தெரு ஆரம்பிக்கிற இடத்தில் ஊர்ப் பிள்ளைகள் அப்படியே போய்க்கொண்டிருந்தார்கள். காலனிப் பிள்ளைகள் தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள். யாரும் சொல்லவில்லை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கக்கூட இல்லை, பேசிக்கொண்டே கழற்றினார்கள். செல்வியும்தான். தொப்பியை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நல்ல வெயிலில் நடந்து போனாள்.

நான் தெருமுனையிலேயே நின்றுவிட்டேன். அழுதேன். எழுதுவதற்கு வேறு ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 20, ஞாயிறு

பஸ் இல்லை. உளுந்தூர்பேட்டைப் பக்கம் லாரிகள் நிற்கிற வரிசைக்கு முடிவே இல்லை என்று யாரோ சைக்கிளில் வந்தவன் சொன்னான். தலைக்குக் குளித்தேன். ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்தேன், பாதியில் விட்டேன்.

உச்சிவெயிலில் ஏரிக்கரை வழியை நானே நடந்து பார்த்தேன். ஏரியில் தண்ணீர் அடியில் கொஞ்சம். கரையில் ஒரு மரம் கிடையாது. மெயின் ரோடு ஏறினால் வெட்டுப்பட்ட புளியமரங்கள், இலை வாடி, குறுக்கே. செ. ஒதுங்கி நிற்க ஒரு மரம்கூட மிச்சமில்லை, எல்லாம் படுத்துக் கிடக்கின்றன. வீட்டுக்கு வந்து தலைவலி. என் தோலுக்கே இப்படி.

செப்டம்பர் 21, திங்கள்

செ. வரவில்லை. பன்னிரண்டு மணி அடித்ததும் காலனிக்குப் போனேன். மூன்று வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

வீட்டுக் கதவு வெளிப்பக்கம் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. அஞ்சலை வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். உள்ளே செல்வி. ஜன்னல் இல்லை, கதவுச் சந்தில் ஒரு கண் தெரிந்தது. காய்ச்சலா என்று கேட்டேன்.

"நீங்கதானங்க வெயிலே படக் கூடாதுன்னீங்க. இனிமே படாது. நா வூட்ல இருந்தாலும் வேலைக்குப் போனாலும் உள்ளயே கெடக்கட்டும்."

கோபத்தில் சொல்லவில்லை. நான் சொன்னதை முழுசாக நம்பிச் சொன்னாள். படிப்பு என்னாவது என்று கேட்க வாயெடுத்தேன், உயிரைவிடவா என்று அவள் கேட்பாள் என்று நிறுத்திக்கொண்டேன். கயிற்றை அவிழ்க்கச் சொன்னேன். செல்வி வாசற்படி வரை வந்து நின்றாள், அதற்கு மேல் வரவில்லை. காதில் களிம்பு மினுமினுப்பு. உள்ளே என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

"நெழலு அளக்கலாம்னு பாத்தேன். இங்க நெழலே வரல டீச்சர்."

அஞ்சலை முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு அவள் தம்பியைப் பற்றிப் பேசினாள், நானாகக் கேட்காமலே. சாமை அறுப்புக்கு மலைமேல் போவானாம். அங்கே ஒருவரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், முண்டாசும் ஓலைத்தொப்பியுமாகத் திரிவானாம். அடிவாரம் இறங்கினதும் கழற்றிவிடுவானாம். மலையிலேயே இருந்திருக்கலாம், என்னைப் பார்க்கத்தான் இறங்கி இறங்கி வந்தான் என்றாள். நாளைக்குக் காலையில் நானே வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எப்படி என்று அவளும் கேட்கவில்லை, எனக்கும் தெரியாது.

செப்டம்பர் 22, செவ்வாய்

குடை என்னுடையது. பிடிக்கிறது நான். என் குடைக்குள் யார் வருகிறார்கள் என்பது என் பாடு. காலையில் எழுந்ததும் இது தோன்றியது, உடனே கிளம்பிவிட்டேன், யோசித்தால் கிளம்ப மாட்டேன்.

காலனியிலிருந்து செல்வியைக் குடைக்குள் நிறுத்திக் கூட்டி வந்தேன். ஊர்த்தெரு முனையில் அவள் பழக்கத்தில் குடையைவிட்டு வெளியே அடியெடுத்து வைத்தாள். தோளைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டேன். குழாயடியில் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். டீக்கடையிலிருந்து ஒருத்தன், இன்னா டீச்சர், வெயிலு ஜாஸ்தியா என்றான், பின்னால் சிரிப்பு. ஜாஸ்திதான் என்றேன்.  செல்வியின் தோளை விடாமல் பிடித்துக்கொண்டு நடந்தேன். மதியமும் அதே மாதிரி கொண்டுபோய் விட்டேன்.

எச்.எம். கேட்டது: "எத்தன நாளைக்கி டீச்சர்?" கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. பஸ் ஓட ஆரம்பித்தால் நான் சனி ஞாயிறு ஊருக்குப் போவேன். மாற்றல் வந்தால் ஒரேயடியாகப் போவேன். என் கைக்கு அடியில்தான் நிழல் என்றால் அது என்ன நிழல்.

சாயங்காலம் கோவிந்தசாமி வரவில்லை. அவர் மனைவிதான் வந்து, மாசக் கடைசியில் வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொன்னாள். கண்ணைப் பார்க்காமல் சொன்னாள். சரி என்றேன். துணிகளை மடித்து வைத்தேன், எடுத்தேன், மறுபடி மடித்தேன்.

செப்டம்பர் 23, புதன்

பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு எழுத்து வேலை கொடுத்திருக்கிறேன். 

காலையில் காலனிக்குப் போனபோது அஞ்சலை வேலைக்குப் போகாமல் நின்றிருந்தாள். களை எடுக்க இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.  என்னால்தானே என்றேன். செல்வியைக் குடைக்குள் நிறுத்தி நடந்தேன், அவளும் கூடவே வந்தாள், இரண்டடி பின்னால்.

ஊர்த்தெரு முனை வந்தது. "இப்பிடி குடுங்க டீச்சர்" என்று குடைக் காம்பில் கை வைத்தாள். நான் பிடிக்கிறேனே, என்னை ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்றேன்.

"நீங்க புடிச்சா அது உங்க கொட. எந்தம்பிய ஏரிக்கரை சுத்தி நடக்க வெச்சே வாரிக் குடுத்துட்டோம். இவள அப்பிடி உட மாட்டேன்."

கொடுத்தேன். அவள் இதுவரை குடை விரித்துப் பிடித்ததில்லை. விளக்கைத் தூக்கிப் போகிற மாதிரி முன்னால் நீட்டிப் பிடித்தாள், நிழல் ரோட்டில் விழுந்தது. குழாயடியில் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோவிந்தசாமி வாசலுக்கு வந்து நின்றார்.  அப்போது செல்வி அம்மாவின் முழங்கையைப் பிடித்து இழுத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"பின்னால சாய்ச்சிப் புடிம்மா. காதுல வெயிலு படுது."

அஞ்சலை சாய்த்துப் பிடித்தாள். கோவிந்தசாமி வாசலைத் தாண்டினோம், அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதது நல்லதற்கா என்று தெரியவில்லை.

இனி பன்னிரண்டு மணிக்குத் திரும்பி நடக்க வேண்டும். அப்போது மறியலுக்கு ரோட்டுக்குப் போன ஆண்களும் சாப்பிடத் தெருவுக்கு வந்துவிடுவார்கள். வீட்டுக்குப் போய்விட்டு அப்புறம் வா என்று அஞ்சலையிடம் சொன்னேன், போகவில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள். குடையை இன்னும் மடக்கவில்லை.